ஃபைனல் போயிருச்சாலே, மருமவனே?

வாலே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. மொகத்தப் பாத்தாலே தெரியுது, ஹாம் ரேடியோ செட்டு போயிருச்சு. ரிசீவ் ஆவுது, டிரான்ஸ்மிட் ஆவல, மைக்க அமுக்குனா செவப்பு வெளக்கு மட்டும் எரியுது, அப்படித்தான? ஊர்ல அவனவன் போன எடுத்து துபாய்க்காரன் மொகத்தப் பாத்துப் பேசுதான். நீ நாப்பது வருசத்துக்கு முந்துன ஜப்பான் டப்பாவ மடியில வச்சுக்கிட்டு, பக்கத்து ஊர்க்காரன்ட்ட "சிக்னல் எப்படி இருக்கு"ன்னு கேக்க. அவனும் "நல்லா இருக்கு, எனக்கு எப்படி இருக்கு"ங்கான். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் கெடையாது. பரவால்ல, கவர்மென்ட்டே பரீட்ச வச்சு லைசென்ஸ் குடுத்திருக்கு, நான் என்னத்தச் சொல்ல.

ஃபைனல், அதான் ஆன்டெனாவுக்குப் பவரத் தள்ளுத கடைசி ட்ரான்சிஸ்டர் போயிருச்சு, புதுசு எங்கன கெடைக்கும்னு கேக்க வந்திருக்க. போயிருச்சுன்னு எவன் சொன்னான்? மூடியக் கழட்டி, மல்டிமீட்டர் கம்பி ஒண்ண பேஸ் கால்லயும் இன்னொண்ண எமிட்டர்லயும் வச்சியாம், பீப்புன்னு கத்துச்சாம், ஷார்ட்டுன்னு முடிவு கட்டிட்டியாம். ஆஹா, என்ன வைத்தியம்! ஏலே, எஃப்எம் செட்டுல ஃபைனல் கிளாஸ்-சி-யில ஓடுது. பயாஸ் கெடையாது. பேஸ்ல இருந்து தரைக்கு ஒரு சோக்கு போட்டிருப்பான். நாலஞ்சு சுத்து செம்புக்கம்பி, அவ்வளவுதான். மீட்டருக்கு அது வெறும் கம்பி. அந்த ரேடியோ ஜப்பான்ல ஃபேக்டரிய விட்டு வெளிய வந்த அன்னைக்குக் காலைலயும் அந்த எடத்துல மீட்டர வச்சிருந்தா பீப்புன்னுதான் கத்திருக்கும்.

பேஸ் காலையும் கலெக்டர் காலையும் தூக்கிட்டுப் பாரு. டயோடு ரேஞ்சுல பேஸ்-எமிட்டர், பேஸ்-கலெக்டர் ரெண்டும் ஒரு தெசையில 0.6 வோல்ட்டு பக்கமா காட்டணும், கம்பிய மாத்துனா காட்டப்படாது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல எந்தப் பக்கம் வச்சாலும் ஒண்ணும் வரப்படாது. இந்தப் பரிச்சையில தேறிட்டா அந்தப் பாவப்பட்ட ட்ரான்சிஸ்டர் மேல பழி போடாத. அதுக்கு முன்னால இருக்க டிரைவரப் பாரு. ரிசீவுக்கும் டிரான்ஸ்மிட்டுக்கும் மாத்திவிடுத ரிலேயப் பாரு. ஹீட் சிங்க் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கால்ல வச்ச ஈயம் வட்டமா கீறல் விட்டிருக்கும். கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாரு. இன்னொரு வேல: மைக்க அமுக்கும்போது சப்ளையில ஆம்பியர் ஏறுதான்னு கவனி. ஏறவே இல்லன்னா ஃபைனலுக்குத் தீனி போகலன்னும் இருக்கலாம். ஆம்பியர் ஏறுது, ஆன்டெனாவுக்கு மட்டும் ஒண்ணும் போகலன்னா கோளாறு வேற எங்கயாவது இருக்கும். முக்காவாசிப் பயலுவ இந்தச் சோலியெல்லாம் பாக்க மாட்டானுவ. ட்ரான்சிஸ்டர வாங்கி மாத்திட்டு, அப்பவும் பேசலன்னா இன்னொண்ணு வாங்குவானுவ. கடைக்காரன் பிள்ளையளும் படிக்கணும்லா.

சரி, நெசமாவே செத்துருச்சுன்னு வச்சுக்குவோம். ஏன் செத்துச்சு? அதக் கேக்க மாட்டியே. தட்டட்டியில நீ நட்டு வச்சிருக்க ஆன்டெனாக் கொழாயில உங்கம்மா கொடி கட்டி ஈரச் சீலையக் காயப் போட்டிருக்கா. எங்கக்காவக் கொற சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஒரு பிரயோசனமாவது ஆச்சு. ஆனா கொழா சாஞ்சு, கேபிள் இழுபட்டு, கனெக்டர் வாயத் தெறந்து, உப்புக்காத்து உள்ள போயி, செம்புப் பின்னல் பச்ச பூத்துக் கெடக்கு. திரும்பி வர்ற பவரக் காட்டுத எஸ்டபிள்யூஆர் மீட்டர நீ கண்ணால பாத்து எத்தன நாளாச்சோ! மேல போற பவர் போற எடம் தெரியாம திரும்பி வருது. திரும்புன பவர் கலெக்டர்ல வோல்டேஜா ஏறும், இல்லன்னா சூடா எறங்கும். புதுப் பழசுன்னு பாக்காது, உள்ள எது இருந்தாலும் சாவடிக்கும். அதனால மொதல்ல தட்டட்டிக்கு ஏறு, கனெக்டர வெட்டிப் போட்டுப் புதுசு போடு, மீட்டர வச்சுப் பாரு. கடைக்கு அப்புறம் போலாம். நீ எங்க கேக்கப் போற, வண்டிச் சாவியக் கையில வச்சுக்கிட்டுல்லா உக்காந்திருக்க.

என்ன நம்பர் போட்டிருக்கு? சி1972. அது தயாரிச்ச வருசமாம்! நல்லா சிரிப்புக் காட்டுத. ஜப்பான்காரன் முன்னால இருக்க 2எஸ்-ஸ அச்சடிக்க மாட்டான். முழுப் பேரு 2எஸ்சி1972. 2எஸ்-னா ட்ரான்சிஸ்டர், சி-ன்னா ஹை ஃப்ரீக்வென்சி என்பிஎன், மிச்சம் பதிவேட்டுல ஏறுன வரிச நம்பர். அந்த நம்பருக்கும் பவருக்கும் மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். சி1815-ன்னு ஒண்ணு ஆடியோக்காரன் டப்பாவுலெல்லாம் கெடக்கும், 0.4 வாட்டு. கிட்டத்துல இருக்க சி1971 6 வாட்டு, உன் செட்டுல டிரைவரா இருக்கது அதுதான். மிட்சுபிஷிக்காரன் போட்ட இந்த சி1972-க்கு 175 மெகாஹெர்ட்ஸ்ல, 13.5 வோல்ட்டுல, உள்ள 2.5 வாட்டு குடுத்தா வெளிய 14 வாட்டு தரும். கடையில கேக்க வேண்டியது இந்த நாலு நம்பரத்தான்: எத்தன மெகாஹெர்ட்ஸ், எத்தன வோல்ட்டு, உள்ள எவ்வளவு, வெளிய எவ்வளவு. மேல எழுதியிருக்க பேர மட்டும் வச்சுத் தேடுனா பேரு மட்டும்தான் கெடைக்கும்.

கடையில என்ன நடக்கும்னு நான் சொல்லுதேன். அண்ணாச்சி உன் ட்ரான்சிஸ்டர வெளிச்சத்துல திருப்பிப் பாப்பாரு. "இது வர்றதில்ல தம்பி, ஈக்வலண்ட்டு தாரேன்"ம்பாரு. மூணு கால், நடுவுல ஓட்ட, கறுப்பு ஒடம்பு. அவருக்கு அதுக்குப் பேரு ஈக்வலண்ட்டு. 2என்3055 வேணும்னா கூடத் தருவாரு, 115 வாட்டுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும்னு அடிச்சுச் சொல்லுவாரு. போட்டிருக்கு, பொய்யில்ல. ஆனா அது சூடா எறக்கி வைக்கக் கூடிய வாட்டு. அது ஓட்டமெல்லாம் ரெண்டு மூணு மெகாஹெர்ட்ஸ்லயே மூச்சு வாங்கிரும். உனக்கு வேண்டியது 145. அத மாட்டுனா ஹீட் சிங்க் நல்லா சூடாவும், மழக்காலத்துக்குக் கைய வச்சுக் காயலாம். ஆன்டெனாவுக்கு ஒண்ணும் போகாது.

இன்னொரு கடைக்காரன் "ஒரிஜினல் ஜப்பான்"ம்பான். இங்கதான் நீ முழிச்சுக்கணும். மேலப்பாளையம் சந்தையில கெழட்டு மாட்டுக்குக் கொம்பச் சீவி, எண்ண தடவி, பெயின்ட்டு அடிச்சு, இளங்கன்னுன்னு நிப்பாட்டியிருப்பான். வாயத் தெறந்து பல்லப் பாக்கத் தெரிஞ்சவன் சிரிச்சுக்கிட்டே நகந்துருவான். ட்ரான்சிஸ்டர்லயும் அதே சீவல்தான். ஏதோ ஒரு மட்டமான ஆடியோ ட்ரான்சிஸ்டர் மொகத்த உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கறுப்பு பூசி, மூணு வைரம் போட்ட முத்திர குத்தி, சி1972-ன்னு பளபளன்னு அச்சடிச்சிருப்பான். பஞ்சுல அசிட்டோன நனச்சுத் தொடச்சுப் பாரு. பேரு பஞ்சோட வந்துச்சுன்னா சோலி முடிஞ்சுது. சாஞ்ச வெளிச்சத்துல ஒரே தெசையில கீறல் தெரியுதான்னு பாரு. கால்ல ஏற்கெனவே ஈயம் பட்ட தடம் இருக்கான்னு பாரு. பெறவு தேதி. மோட்டோரோலாவுல 8432-ன்னு நாலு எழுத்து இருந்தா 1984-ல 32-வது வாரம்னு அர்த்தம். மோட்டோரோலாக்காரன் 2004-லயே செமிகண்டக்டர ஃப்ரீஸ்கேல்னு தனியாப் பிரிச்சு விட்டுட்டான். இவன் கையில வச்சிருக்க இன்னொண்ணுல மோட்டோரோலா முத்திரையும் இருக்கு, 1226-ன்னு தேதியும் இருக்கு. 2012-ல எந்த மோட்டோரோலா வந்து குத்துனான்? கேட்டேன்னு வையி, "நீங்க வேண்டாம்னா வுடுங்க, வாங்குறதுக்கு ஆளு இருக்கு"ம்பான். இருக்குது, இருக்குது.

விலையும் ஒரு அடையாளம். அரிசி விலைக்கு ஆர்எஃப் பவர் ட்ரான்சிஸ்டர் தாரேன்னு எவனாவது சொன்னா, வாங்கிச் சோத்துலதான் போடணும்.

நல்ல சரக்கு கெடைக்கவே கெடைக்காதான்னு மொகத்தத் தொங்கப் போடாத. கெடைக்கும். வேற கோளாறுல செத்துப் போன ரேடியோக்கள்ல ஃபைனல் உசுரோட கெடக்கும். டிஸ்ப்ளே போச்சு, சேனல் மாத்துத சுவிட்சு போச்சுன்னு மூலையில போட்டிருப்பானுவ. பழைய செட்டு ஒண்ண மொத்தமா வாங்குறது, தனி ட்ரான்சிஸ்டர் தேடுறத விட லாபம். டிரைவரும் வரும், காயிலும் வரும், ரிலேயும் வரும். எம்ஆர்எஃப்454 மாதிரி மோட்டோரோலாப் பெரிய சாமான்கள, மோட்டோரோலா கைய விட்ட பெறவு மேகாம்காரன் எடுத்துச் செஞ்சான். அது விலைய கேட்டா மட்டும் தண்ணி குடிச்சிட்டுக் கேளு.

இல்லன்னா மாத்துச் சாமான். மிட்சுபிஷிக்காரனே பின்னால மாஸ்ஃபெட்டுல ஆர்டி15எச்விஎஃப்1-னு ஒண்ணு போட்டான். 175 மெகாஹெர்ட்ஸ்ல 15 வாட்டு, 12.5 வோல்ட்டு. ஒடம்பும் அதே டிஓ-220, உன் சி1972-ல தகடு எமிட்டர், இதுல தகடு சோர்ஸ், ரெண்டும் தரைக்குத்தான். ஆஹா, நேராத் தூக்கி வச்சிரலாம்னு தோணுதா? தோணும். தோணணும்னுதான் அப்படிச் சொன்னேன். இப்பக் கேளு. பழசுக்கு உள்ள 2.5 வாட்டு வேணும். இதுக்கு கெயின் 14 டிபி, அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல குடுத்தாலே 15 வாட்டு வந்துரும். உன் டிரைவரு நாலு மடங்கு தீனியக் கொண்டாந்து வாயில திணிக்கும். அத எறக்க நடுவுல ரெசிஸ்டர்ல ஒரு அட்டெனுவேட்டர் போடணும், இல்ல டிரைவரோட சப்ளையக் கொறைக்கணும். அது ஒண்ணு.

ரெண்டாவது, மாஸ்ஃபெட்டுக்குக் கேட்டுல சில வோல்ட்டு பயாஸ் வேணும். நீ ஒரு ரெகுலேட்டரும் பிரீசெட்டும் வச்சு பயாஸ் குடுப்ப. மொதல்ல சொன்னேம்லா, பேஸ்ல இருந்து தரைக்கு ஒரு சோக்குன்னு. அத எடுக்காம விட்டேன்னா குடுத்த பயாஸ் பூராவும் அது வழியாத் தரைக்குப் போயிரும். நீ பிரீசெட்டத் திருகு திருகுன்னு திருகி, "மாமா, டூப்ளிகேட்டக் குடுத்துட்டான்"னு என்ட்ட வந்து அழுவ. சோக்கோட தரைக்காலத் தூக்கி, அங்கன ஒரு கெப்பாசிட்டர வச்சு, பயாஸ அது வழியாக் குடு. டிரான்ஸ்மிட்டுல மட்டும் பயாஸ் வரணும். பிரீசெட்டு மொதல்ல அடியில இருக்கட்டும்.

மூணாவதுதான் பெரிசு. 13.5 வோல்ட்டுல 14 வாட்டு எடுக்கணும்னா கலெக்டர் பாக்க வேண்டிய லோடு ஆறரை ஓம். நீயே போட்டுப் பாரு: 13.5-அ 13.5-ஆல பெருக்கி, 28-ஆல வகு. ஆன்டெனா 50 ஓம். ஆறரைய அம்பதாக்குறதுக்குத்தான் போர்டுல அந்தக் காயிலும் ட்ரிம்மரும் நிக்குது. அத அந்தக் காலத்துக்காரன் அந்த ஒரு ட்ரான்சிஸ்டருக்கு அளந்து வச்சான். உள்பக்கம் இன்னும் மோசம், பேஸ் பாக்குற ஓம் அதை விடக் கம்மி. நீ ட்ரான்சிஸ்டர மாத்துனா ட்ரிம்மரையும் திருப்பணும். திருப்பியும் எட்டலன்னா காயிலையே மாத்திச் சுத்தணும். ட்ரான்சிஸ்டர் மாத்துறதுங்கது பாதி வேல, சுத்தி இருக்கத மாத்துறது மீதிப் பாதி. கடையில மொதப் பாதியத்தான் விப்பான்.

ஐஆர்எஃப்510 போடலாமான்னா கேக்க? அதத்தான எதிர்பாத்தேன். ஹைதராபாத்துல ஃபர்ஹான் பிட்எக்ஸ்40-ன்னு ஒரு செட்டு வரைஞ்சாரே, உலகம் பூராவும் பயலுவ கட்டிப் பேசுதானுவளே, அதுல ஃபைனல் அதுதான, விலையும் கம்மின்னு சொல்லுத. சரிதான். மனுசன் கெட்டிக்காரரு, கடைத்தெருவுல சல்லிசாக் கெடைக்கத வச்சு சர்க்யூட்டையே அதுக்குத் தக்கன வரைஞ்சாரு. அது 7 மெகாஹெர்ட்ஸ். ஐஆர்எஃப்510 சுவிட்சு போடப் பொறந்தது. கேட்டுல 180 பிகோஃபேரட் சொமந்துக்கிட்டிருக்கு. 7 மெகாஹெர்ட்ஸ்ல அது 126 ஓம், தாக்குப் பிடிக்கும். 145-ல அது ஆறு ஓம். நீ அனுப்புறது பூரா அந்தக் கெப்பாசிட்டர்லயே போயிரும். அதுக்கும் மேல, அதுல தகடு டிரெயின். உன் செட்டுல தகடு நேரா ஹீட் சிங்க்ல தரையோட ஒக்காந்திருக்கு. மைக்கா ஷீட்டு போடாம திருகுனேன்னா சப்ளை நேராத் தரைக்கு. ஃபியூஸ் மட்டும் போனா குலசாமிக்கு ஒரு தேங்கா ஒட.

இதே கோளாறு 27 மெகாஹெர்ட்ஸ் செட்டு வச்சிருக்கவனுக்குத் தலகீழா வரும். அதுல இருக்க 2எஸ்சி1969-ல தகடு கலெக்டர், மைக்கா வச்சுத்தான் ஒக்கார வச்சிருப்பான். அதுக்குப் பதிலா ஆர்டி16எச்எச்எஃப்1 போட்டா தகடு சோர்ஸ், மைக்கா வேண்டாம், எடுத்தாத்தான் சூடும் எறங்கும், தரையும் கிட்டும். அங்க போயி "பெரிய ஃப்ரீக்வென்சி ட்ரான்சிஸ்டர் போட்டா நல்லதுதான"ன்னு 175 மெகாஹெர்ட்ஸ் சாமான மாட்டுற புத்திசாலிகளும் உண்டு. ஃப்ரீக்வென்சி எறங்க எறங்க அதுக்குக் கெயின் கூடிக்கிட்டே போகும். மைக்க அமுக்காமலே தானாப் பாட ஆரம்பிச்சிரும். பக்கத்து வீட்டு டிவியில கோடு விழும், அவ வந்து உங்கம்மாட்ட சண்ட போடுவா. 28 வோல்ட்டு ட்ரான்சிஸ்டர 12 வோல்ட்டு செட்டுல போடுறவன் நல்லவன். அவன் எதையும் கெடுக்க மாட்டான், பவரும் வராது, அவ்வளவுதான்.

மாடியூல் போட்ட செட்டு வச்சிருக்கானே உன் கூட்டாளி, அவன்ட்டயும் சொல்லு. எம்57737 போயிருச்சுன்னா ஆர்ஏ30எச்1317எம்-ன்னு மாஸ்ஃபெட்டு மாடியூல் கெடைக்கும், 30 வாட்டுக்கு 30 வாட்டு. கால் எண்ணிக்கை நாலுக்கு நாலு. ரெண்டாவது கால்லதான் வம்பு. பழசுல அங்க 12 வோல்ட்டு வரும். புதுசுல அது கேட்டு, 5 வோல்ட்டு. அப்படியே ஈயத்த வச்சுட்டு மைக்க அமுக்குனான்னு வையி, வாங்குன துட்டு அமுக்குன கையோட போச்சு. உள்ள 50 மில்லிவாட்டு போதும் அதுக்கு.

இனி வெளையாட்டுப் பேச்ச ஓரமா வையி, இத மட்டும் ஒழுங்காக் கேளு. பெரிய ஃபைனல், 2என்6084 மாதிரி அடியில திருகு வச்சது, எம்ஆர்எஃப் மாதிரி ரெண்டு காது வச்சது, இதுகள்ல வெள்ளையா பீங்கான் மாதிரி தெரியுமே, அது பெரிலியம் ஆக்சைடா இருக்கலாம். முழுசா இருக்க வரைக்கும் ஒண்ணும் செய்யாது. ஒடஞ்சு தூளாகி மூச்சுல போனா நெஞ்சுக்குள்ள தங்கிரும், தீராத சீக்கு. உள்ள என்ன இருக்குன்னு பாக்குறேன்னு சுத்தியலால தட்டாத, அரம் போடாத, உப்புத்தாள் போடாத, குப்பையோட எரிக்காத. ஒடஞ்சது கெடச்சா ஈரத்துணியில பொதிஞ்சு, மூடி போட்ட டப்பாவுல போட்டு, மேல எழுதி வையி. சின்னப் புள்ளைக கையில குடுத்திராத.

மாட்டும்போது மொதல்ல ஹீட் சிங்க்ல திருகு, பெறவு காலுக்கு ஈயம் வையி. ஈயம் வச்சிட்டுத் திருகுனா கால் வழியா ஒடம்ப இழுக்கும். பீங்கான் ஒடம்புன்னா கீறிரும். பேஸ்ட்ட இட்லிக்குச் சட்னி மாதிரி அள்ளி அப்பாத, தகடு மேல மெல்லிசா தெரிஞ்சாப் போதும். டம்மி லோடு இல்லன்னா 1 கிலோ ஓம், 1 வாட்டு கார்பன் ரெசிஸ்டர் இருவது எடுத்து ஒண்ணாக் கோத்து பேரலல்ல வையி, 50 ஓம் ஆச்சு. கால நீளமா விடாத. வாட்டு பெரிசா இருக்குன்னு வயர்வௌண்டு வாங்கிட்டு வந்திராத, அது காயில். சப்ளைய 9 வோல்ட்டுல வச்சு, கரண்ட்டு லிமிட்டப் போட்டு, ரெண்டு ரெண்டு செகண்டா அமுக்கு. ட்ரிம்மர் திருப்ப பிளாஸ்டிக் குச்சி. பவர் ஏறி ஆம்பியர் எறங்குற எடத்தத் தேடு. 13.5-க்கு வந்து 14 வாட்டு வந்தா ஃபைனல் மட்டும் ஏறக்குறைய ஒண்ணே முக்கா ஆம்பியர் இழுக்கும். மூணு ஆம்பியர் இழுத்து அஞ்சு வாட்டு தந்தா ஏதோ தானாப் பாடுதுன்னு அர்த்தம், உடனே கைய எடு.

எல்லாத்தையும் கேட்டுட்ட. இப்ப ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காத. உன் டிரைவரு சி1971 உசுரோட இருக்கா? அது 6 வாட்டு. ஃபைனலக் கழட்டி ஓரமா வச்சிட்டு, டிரைவரோட அவுட்டுக்கு 50 ஓமுக்குச் சேர்ற மாதிரி ஒரு காயிலும் ரெண்டு ட்ரிம்மரும் வச்சு ஃபில்டருக்கு விட்டேன்னா, செட்டு பேசும். 14-க்கும் 6-க்கும் வித்தியாசம் நாலு டிபி கூடக் கெடையாது. எஸ் மீட்டர்ல ஒரு கோட்டுக்கு ஆறு டிபி. எதிர்ல இருக்கவன் மீட்டர் முள்ளு முழுசா ஒரு கோடு எறங்காது. நீ சொல்லலன்னா அவனுக்குத் தெரியவும் தெரியாது.

என்னலே மூஞ்சி சுருங்குது? அந்த எட்டு வாட்டு இல்லாம மானம் போயிருமோ? சரி சரி, கெளம்பு கடைக்கு. அசிட்டோனும் பஞ்சும் மறக்காத. வரும்போது எனக்கும் ஒரு டப்பா ஹீட் சிங்க் பேஸ்ட்டு வாங்கிட்டு வா. துட்ட எங்கக்காட்ட வாங்கிக்கோ, நான் சொன்னேன்னு சொல்லாத.